கோபுரம் சாயாமல், கண்ணாடி வெளுக்காமல்: சாந்தோம் முதல் வேளாங்கண்ணி வரை படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சென்னை சாந்தோமில் தொடங்கி புதுச்சேரி, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி என்று கடலோரமாகவே தெற்கே இறங்கினால், கோதிக் பாணிக் கோபுரங்கள், பிரெஞ்சுக்காரர் போட்ட நேர்கோட்டுத் தெருக்கள், டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, 300 வயது தாண்டிய ஆலயங்கள் எல்லாம் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும். போய் வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வரும்: கோபுரம் பின்னால் மல்லாந்து கிடக்கும், வானம் வெளுத்துப்போயிருக்கும், கோயிலின் உட்புறம் மஞ்சளாகக் கலங்கியிருக்கும். பெரும்பாலும் இதற்குக் கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது. நின்ற இடம் தப்பு, போன நேரம் தப்பு. அதனால் இங்கே முதலில் வெயில், அப்புறம் தூரம், அதற்கும் அப்புறம்தான் லென்ஸ்.

வெயில் எந்தப் பக்கம்?

இந்தக் கரை முழுக்கக் கடல் கிழக்கே இருக்கிறது. கடலைப் பார்த்த முகப்புக்குக் காலை வெயில், ஊரைப் பார்த்த முகப்புக்கு மாலை வெயில். புதுச்சேரி துய்மா வீதியில் 1855இல் கட்டி முடித்த தூய வானதூதர்களின் அன்னை ஆலயம் (ஊர்க்காரர்களுக்குக் கப்ஸ் கோயில்) கடலைப் பார்த்து நிற்கிறது. சூரியன் எழுந்த முதல் அரை மணி நேரத்தில் அதன் இளஞ்சிவப்பும் வெண்மஞ்சளும் தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்குப் போனால் இரண்டும் ஒன்றுபோல வெளிறிவிடும். மதியத்துக்கு மேல் முகப்பு நிழலுக்குள் போய், பின்னால் இருக்கும் வானம் மட்டும் பளீரென்று எரியும்.

வடக்கு, தெற்கு முகப்புகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புதுச்சேரி சுமார் 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் 20 வாக்கில் வரை சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே போகும். அந்த நான்கு மாதமும் தெற்கு பார்த்த சுவரில் நேர் வெயில் படவே படாது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை வடக்கு பார்த்த சுவருக்கு இதே கதி. கோடை விடுமுறையில் போய்விட்டு “எத்தனை மணிக்குப் போனாலும் முகப்பு இருட்டாகவே இருந்தது” என்பவர்களுக்கு விடை இதுதான். சூரியன் உதிக்கும் இடமும் நகரும். ஜூனில் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே எழும், டிசம்பரில் அதே அளவு தெற்கே.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது:

1. வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்து, ஒவ்வொரு கட்டடத்தின் வாசலும் எந்தத் திசை பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. முகப்புக்கு எதிரே எத்தனை அடி திறந்த இடம் இருக்கிறது என்று அதே செயலியின் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். கீழே கோபுரக் கணக்குக்கு இது வேண்டும்.
3. காலை முகப்புகளை ஒரு பட்டியலாகவும் மாலை முகப்புகளை இன்னொன்றாகவும் பிரியுங்கள். உச்சி வேளையைக் கோயில் உட்புறத்துக்கு ஒதுக்குங்கள்.
4. திருப்பலி நேரங்களைப் பங்கு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை முழுக்க உட்புறப் படம் நடக்காது.

நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. உதித்து நாற்பது நிமிடத்தில் பத்து டிகிரிக்கு வந்துவிடும். அந்தப் பொன்னொளி அவ்வளவு நேரம்தான். உதயத்துக்கு அரை மணி முன்பே இடத்தில் நின்றுவிட வேண்டும். மழைக்குப் பிந்தைய ஜனவரி, பிப்ரவரி இந்தக் கரைக்கு நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்தாலும், ஈரத் தெருவில் விழும் பிரதிபலிப்புக்காகவே அப்போது போகிறவர்கள் உண்டு, தப்பில்லை.

பையில் எதைப் போடுவது

படம் பதியும் சென்சாரின் அளவு கேமராவுக்குக் கேமரா மாறும். ஃபுல் ஃபிரேம் பெரியது, ஏபிஎஸ்-சி அதைவிடச் சின்னது, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் இன்னும் சின்னது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் காட்டும் பரப்பை, நிக்கான், சோனி, ஃபியூஜியின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் 16 மி.மீ.யும், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 12 மி.மீ.யும் காட்டும். கேனனின் ஏபிஎஸ்-சிக்கு 1.6 என்று பெருக்க வேண்டும், மற்ற ஏபிஎஸ்-சிக்கு 1.5, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கு 2. இனி சொல்வதெல்லாம் ஃபுல் ஃபிரேம் கணக்கு. உங்கள் கேமராவுக்கு வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு லென்ஸ் போதும். 24–70 அல்லது 24–105 போன்ற ஒரு ஜூம், அதோடு 35 அல்லது 50 மி.மீ.யில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று (எஃப் எண் சிறியதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்). ஏபிஎஸ்-சி வைத்திருப்பவர் கையில் இருக்கும் 18–55 கிட் லென்ஸோடு 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்றைச் சேர்த்தால் முடிந்தது. மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்று மனம் அரித்தால், 14 மி.மீ.யை விட 85 முதல் 135 வரையிலான ஒன்றை எடுங்கள். வண்ணக் கண்ணாடி, மணிக்கூண்டின் செதுக்கல், பீடத்தின் மேல் வேலைப்பாடு எல்லாம் அதில்தான் கிடைக்கும். அகல லென்ஸ் மோகத்தில் 14 மி.மீ. மாட்டி வாசலிலிருந்து எடுத்தால், தூண்கள் இரு பக்கமும் ராட்சசமாக நிற்க, பீடம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும்.

கைப்பேசி மட்டும் இருந்தாலும் பாதகமில்லை. அதன் முதன்மை லென்ஸ் சுமார் 24 முதல் 26 மி.மீ., ‘0.5’ என்று காட்டும் அகல லென்ஸ் சுமார் 13 மி.மீ. அந்த அகல லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் சிறியது. வெளியே வெயிலில் நன்றாக இருக்கும், கோயிலுக்குள் படம் குழைந்துவிடும். உள்ளே ‘1’இல் வைத்தே எடுங்கள். படம் புகைபோலத் தெரிந்தால் அமைப்புகளைக் குடைவதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள். பாதி நேரம் விரல் எண்ணெய்தான் காரணம்.

கேமராவில் ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட வேண்டியவை: கோப்பு ‘ரா’ வடிவில் (சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருப்பது), திரையில் கட்டக்கோடும் மட்டக்கோடும், வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை. ட்ரைபாட் எடுத்துப்போனால் கையளவு சின்னது ஒன்று போதும். பெரியதைப் பார்த்ததுமே காவலாளிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கோபுரம்

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்த மாத்திரத்தில் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும், கோபுரம் மல்லாக்கச் சாயும். சென்சாரும் சுவரும் இணையாக இருந்தால் சாயாது. அதாவது கேமரா மட்டமாக இருக்க வேண்டும். அப்படி வைத்தால் படத்தின் நடுக்கோடு உங்கள் கண் உயரத்தில் நிற்கும், மேல் பாதியில்தான் கோபுரம் முழுவதும் அடங்க வேண்டும். அதற்கு எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்பது எளிய கணக்கு.

சாந்தோம் பேராலயத்தின் கோபுரம் 155 அடி. 1896இல் ஆங்கிலேயர் காலத்தில் இன்றைய வடிவத்தில் எழுந்தது. கண் உயரம் 5 அடியைக் கழித்தால் 150. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மட்டமாக வைத்து எடுக்க,

- 16 மி.மீ.யில் சுமார் 133 அடி
- 24 மி.மீ.யில் 200 அடி
- 35 மி.மீ.யில் சுமார் 290 அடி
- ஏபிஎஸ்-சி கிட் லென்ஸின் 18 மி.மீ.யில் சுமார் 230 அடி
- கைப்பேசியின் 0.5 லென்ஸில் சுமார் 115 அடி

தள்ளி நிற்க வேண்டும். 24 மி.மீ.க்கு மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணுக்கு மேல் எத்தனை அடி உயரமோ, அதோடு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் வருவது தூரம். இதே லென்ஸைப் படுக்கை வாட்டில் பிடித்தால் 300 அடி ஆகிவிடும், அதனால் கோபுரத்துக்கு எப்போதும் செங்குத்துதான். படத்தின் கீழ்ப் பாதி வெறும் தரையாக வரும். அதைப் பின்னால் வெட்டிவிடலாம், அல்லது அங்கே மழைநீர்க் குட்டையோ மெழுகுவத்திக் கடையோ கிடைத்தால் அதையே முன்னணியாக வைத்துக்கொள்ளலாம்.

நகரத்துக்குள் 200 அடி திறந்த இடம் சுலபத்தில் அமையாது. அப்போது நான்கு வழிகள்.

முதலாவது, உயரம் ஏறுவது. எதிர்க் கட்டடத்தின் இரண்டாம் மாடி வராந்தாவில் நின்றால் கண் உயரம் 25 அடி ஆகிறது. 150 அடி 130 ஆகக் குறைகிறது, தேவையான தூரம் 173 அடியாகச் சுருங்குகிறது. விடுதி, கடை, எதுவானாலும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடுவார்கள்.

இரண்டாவது, கேமராவைச் சாய்க்காமலே லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ். கேனனின் 24 மி.மீ. டிஎஸ்-இ லென்ஸை 12 மி.மீ. மேலே நகர்த்தலாம். அப்போது 200 அடி 120 ஆகிவிடும். விலை கண்ணைக் கட்டும். கட்டடப் படம் தொழிலாக இருப்பவருக்கே கட்டுபடியாகும், மற்றவர்கள் வாடகைக்கு எடுக்கலாம்.

மூன்றாவது, கொஞ்சம் சாய்த்து எடுத்து, மென்பொருளில் நிமிர்த்துவது. இதற்கு எடுக்கும்போதே கோபுரத்தின் இரு பக்கமும் உச்சிக்கு மேலும் தாராளமாக இடம் விட வேண்டும். நிமிர்த்தும்போது படத்தின் மேல் மூலைகள் வெட்டுப்படும். சிலுவையின் நுனியை விளிம்பில் ஒட்டி எடுத்தவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். நிமிர்த்துவதையும் முழுக்கச் செய்ய வேண்டாம். நூற்றுக்கு நூறு நேராக்கினால் தலை கனத்து, கோபுரம் முன்னால் கவிழ்வதுபோல் தோன்றும். பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்துங்கள்.

நான்காவது வழி பலருக்குத் தோன்றுவதில்லை: முழுக் கோபுரத்தையும் எடுக்காமல் விடுவது. அதே இடத்தில் 85 மி.மீ. மாட்டி, மணிக்கூண்டும் மேல் சிகரமும் மட்டும், அல்லது வாசல் வளைவு மட்டும். புதுச்சேரி தெற்கு புல்வார்டில் உள்ள தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவுக்கு இது பொருந்தும். சிவப்பும் வெள்ளையுமான அதன் முகப்பில் கூர் வளைவுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, வாசலுக்கு மேல் லத்தீனில் எழுத்து. எதிரே வாகனம் ஓயாத சாலை. மின்கம்பியையும் ஆட்டோவையும் தவிர்த்து அதன் முழு முகப்பும் வேண்டுமானால் விடியும் முன் போக வேண்டும். பகுதி பகுதியாக எடுப்பவருக்கு எந்த நேரமும் சரி.

வேளாங்கண்ணியில் சிக்கல் வேறு. கோயில் முழுக்க வெள்ளை. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் வெள்ளைக் கோபுரம் அழுக்குப் பிடித்ததுபோல் வரும். மேகமூட்டத்தில் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) +1 கூட்டுங்கள். நல்ல வெயிலில் +0.3 முதல் +0.7 போதும். வெளுப்பு எச்சரிக்கை சிலுவையின் மேலோ சுவரின் விளிம்பிலோ மினுக்கினால் ஒரு படி குறையுங்கள். வெள்ளைச் சுவரில் ஒருமுறை போன விவரத்தை எந்த மென்பொருளும் மீட்காது.

பிரதிபலிப்பை வடிகட்டும் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் நீல வானம் ஆழமாகும், ஆனால் சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். 24 மி.மீ.க்குக் கீழே போனால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலமும் மறுபக்கம் வெளிர் நீலமுமாகத் திட்டாகிவிடும்.

தெருக்கள்

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியில் தெருக்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. கிழக்கு மேற்கான தெருவில் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் எதிர்வெயில், நகரத்தைப் பார்த்து எடுத்தால் நேர்வெயில். வடக்கு தெற்கான தெருவில் ஒரு பக்கச் சுவருக்கு மட்டும் வெயில் கிடைக்கும், நடந்து வருபவரின் நிழல் சுவரில் ஏறும். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் எடுக்கப் போகிறவர்கள் இந்தத் தெருக்களையே தேடுங்கள். மஞ்சள் சுவருக்குப் பக்கத்தில் நிற்பவர் முகத்திலும் மஞ்சள் அடிக்கும் என்பதையும் கவனியுங்கள். ஆளைச் சுவரிலிருந்து ஆறடி தள்ளி நிறுத்தினால் தணிந்துவிடும்.

இங்கே பெரிய எதிரி வரிசையாக நிற்கும் டூவீலர்கள். காலை ஆறரைக்கு முன்னால் போனால் தெரு காலியாக இருக்கும், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆளை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். “அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் கோலத்தை மட்டும் எடுக்கக் கேட்கலாம். மீனவர் குப்பத்துக்குள்ளும் இதே மரியாதைதான்.

தெருவுக்கான லென்ஸ் 35 மி.மீ. எஃப் 8 வைத்து 17 அடியில் ஃபோகஸ் பண்ணிவிட்டால் எட்டரை அடியிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும், ஃபோகஸுக்காக நிற்கத் தேவையில்லை. 24 மி.மீ.யில் அதே எஃப் 8க்கு 8 அடியில் ஃபோகஸ் போதும், 4 அடியிலிருந்து எல்லாம் கிடைக்கும். எஃப் 16, எஃப் 22 என்று போவதால் லாபமில்லை. ஏபிஎஸ்-சியில் எஃப் 11ஐத் தாண்டினாலே படம் முழுக்க லேசாக மழுங்க ஆரம்பிக்கும்.

தரங்கம்பாடி சின்ன ஊர், ஒரே நாளில் முடியும். 1792இல் கட்டிய ஊர் நுழைவாயில் மேற்கே இருக்கிறது. அங்கிருந்து ராஜ வீதி கிழக்கே கடலை நோக்கி ஓடுகிறது. காலையில் நுழைவாயிலுக்கு வெளியே மேற்கில் நின்றால், வளைவுக்குள் தெருவும் அதற்கு அப்பால் எழுகிற சூரியனும் தெரியும். மாலையில் தெருவுக்குள் நின்று திரும்பிப் பார்த்தால் வெள்ளை வாயில் நிழலுருவாக நிற்கும். 50 மி.மீ.யிலிருந்து 85 வரை மாட்டிப் பின்னால் போனால் வாயிலும் தெருவும் நெருங்கி வரும். 24இல் எடுத்தால் வாயில் சின்னதாகிவிடும். அதே வீதியில் ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும், 1701ஆம் ஆண்டின் சீயோன் ஆலயமும் உள்ளன. 1620இல் எழுந்த டேன்ஸ்போர்க் கோட்டையின் கடல் பக்கச் சுவருக்குக் காலை வெயில்தான். கரையிலேயே, கடல் அரித்துப் பாதி போன மாசிலாமணி நாதர் கோயிலும் இருக்கிறது. கோட்டையும் கோயிலும் ஒரே சட்டகத்தில் வேண்டுமானால் கரையோரமாக நடந்து, 70 மி.மீ.க்கு மேல் வைத்துப் பாருங்கள்.

கோயிலுக்குள்

முதல் வேலை அனுமதி. பங்கு அலுவலகத்தில் ஃபாதரையோ, ஆள் இல்லாவிட்டால் உபதேசியாரையோ பார்த்து, எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிக் கேளுங்கள். லுத்தரன் ஆலயங்களில் ஆயரிடம். திருப்பலியின்போதும், ஆராதனையின்போதும், ஒப்புரவுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போதும் கேமரா பைக்குள் இருக்க வேண்டும். ஃப்ளாஷ் எப்போதும் கிடையாது. பீடத்துப் படி ஏறக்கூடாது. பல கோயில்களில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், நம் மக்கள் சொல்லாமலேயே கழற்றிவிடுவார்கள். நீங்களும் கழற்றிவிடுங்கள்.

பகலில் உட்புற வெளிச்சம் கண்ணுக்குப் போதுமானதாகத் தோன்றும், கேமராவுக்கு அது இருட்டு. தொடங்க வேண்டிய அளவு: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 1600, எஃப் 4, 1/25 வினாடி. நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் 24 மி.மீ.யில் கால் வினாடி வரை கையால் பிடிக்கலாம், அப்போது ஐஎஸ்ஓவை 400க்குள் இறக்கலாம். ட்ரைபாட் அனுமதிக்காத இடத்தில் பெஞ்சின் முதுகில் கேமராவை ஊன்றி, இரண்டு வினாடி டைமர் போடுங்கள். விரலால் அழுத்தும்போது வரும் ஆட்டமும் இருக்காது.

1/30 என்று சொல்லாமல் 1/25 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. சத்தம் வரக்கூடாது என்று பலரும் கோயிலுக்குள் எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றுகிறார்கள். அது சென்சாரை வரி வரியாகப் படிப்பதால், 1/160 அல்லது 1/250 வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் விழும். 1/100, 1/50, 1/25 வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுத் துடிப்புகள் கிடைத்து, பட்டை மறையும். அப்படியும் போகாவிட்டால் அங்கே மாட்டியிருக்கும் எல்இடி வேறு வேகத்தில் துடிக்கிறது என்று அர்த்தம். சத்தம் வந்தாலும் பரவாயில்லை என்று மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

நடுப்பாதைப் படத்துக்குப் படிகள்:

1. தரை ஓட்டின் நடுக்கோட்டைக் கண்டுபிடித்து அதன் மேல் நில்லுங்கள். ஒரு சாண் விலகினாலும் இருபக்கத் தூண்களும் பொருந்தாது.
2. கோயிலின் பின் மூன்றில் ஒரு பங்கில் நின்று 35 மி.மீ.யில் தொடங்குங்கள். பீடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கே படத்திலும் தெரியும். கூரை வேண்டுமென்றால் மட்டும் 24க்கு வாருங்கள்.
3. கேமரா நெஞ்சு உயரத்தில், மட்டமாக. மேலே தூக்கினால் தூண்கள் சாயும்.
4. நற்கருணைப் பேழையின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். கேமரா தடுமாறினால் பெஞ்சின் விளிம்பு போல் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் பிடியுங்கள்.
5. மின்விசிறிகளை நிறுத்தச் சொல்ல முடியாது. ஒரு வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் இறக்கைகள் கரைந்துவிடும், தண்டு மட்டும் நிற்கும்.
6. பளிச்சென்ற சன்னல்களும் இருண்ட மூலைகளும் சேர்ந்து இருந்தால், 2 ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு அல்லது பாதி) மூன்று படங்கள் எடுத்துப் பின்னால் இணையுங்கள்.

கூரைக்குச் சுருக்கு வழி ஒன்று: கேமராவைத் தரையில் மல்லாக்க வைத்து டைமர் போட்டு நகர்ந்துவிடுங்கள். எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்தின் நீல நிற வட்டக் குவிமாடம் மாதிரியான கூரைக்கு இதைவிட நேர்த்தியான வழி கிடையாது. கைப்பேசியானால் அதைக் கவிழ்க்காமல், முன்பக்கக் கேமராவால் எடுத்துப் பாருங்கள். தெளிவு சற்றுக் குறைந்தாலும் சமச்சீர் தப்பாது.

இனி வண்ணக் கண்ணாடி. இருதய ஆண்டவர் பசிலிக்காவில் 28 புனிதர்களின் உருவங்கள் கண்ணாடியில் உள்ளன. சன்னலின் வெளிச்சத்துக்கும் சுவரின் வெளிச்சத்துக்கும் இடையில் 4 முதல் 6 ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். கேமராவை அதன் போக்கில் விட்டால் சுவரை நம்பி அளந்து, கண்ணாடியை வெள்ளைத் தாளாக்கிவிடும். ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கை நடுத்தர நிறக் கண்ணாடி ஒன்றின் மேல் வைத்து அளந்து பூட்டுங்கள். கைப்பேசியில் கண்ணாடியைத் தொட்டு அழுத்திப் பிடித்து, சூரிய அடையாளத்தைக் கீழே இழுங்கள். சுவர் கறுத்துப்போகும், போகட்டும். சன்னலுக்கு நேர் எதிரே, கூடுமானவரை தொலைவில் நின்று 85–135 மி.மீ.யில் எடுத்தால் உருவம் நீளாது. நேர் வெயில் விழும் சன்னலில் ஒரு பக்கம் மட்டும் எரியும். மேகம் மூடிய நாளிலோ, வெயில் மறுபக்கம் போன பிறகோ நிறம் சீராக இருக்கும்.

சுரூபங்கள் (புனிதர் சிலைகள்) பெரும்பாலும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். நேராக நின்று எடுத்தால் உங்கள் சட்டையும் எதிர் வாசலும்தான் பதியும், போலரைசரும் அங்கே உதவாது. ஏனென்றால் நேராகத் திரும்பும் ஒளியை அதனால் வடிகட்ட முடியாது. பக்கவாட்டில் நகர்ந்து, கண்ணாடித் தளத்துக்குச் சுமார் 35 டிகிரிச் சாய்வில் பார்த்துப் போலரைசரைத் திருப்பினால் பிரதிபலிப்பு அநேகமாக மறைந்துவிடும். நேராகத்தான் வேண்டுமென்றால் கறுப்புச் சட்டை போட்டு, லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துணியால் மூடுங்கள்.

நிறம் இன்னொரு தலைவலி. சன்னல் வழி நீலம், டியூபில் பச்சை, பீடத்தில் மஞ்சள் பல்பு என மூன்றும் கலந்திருக்கும். ‘ரா’ கோப்பில் பீடத்தின் வெள்ளைத் துணியை வைத்துச் சரிசெய்யுங்கள், மற்ற மூலைகள் கொஞ்சம் நிறம் மாறினாலும் விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் வெள்ளையாக்கினால் கோயில் ஆஸ்பத்திரி வார்டாகிவிடும்.

அந்தியும் திருவிழாவும்

சூரியன் மறைந்து இருபது நிமிடம் வரை வானம் ஆழ்ந்த நீலமாக இருக்கும், கோபுர விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நான்கு வினாடி, ட்ரைபாடில். கையால் என்றால் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/60. வானம் கறுத்த பிறகு எடுத்தால் கோபுரம் தனியாக மிதக்கும், நீலம் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் தொடங்கி செப்டம்பர் 8 வரை. கோபுரத்தில் சுற்றும் சீரியல் லைட்டை 1/60இல் எடுத்தால் பாதி பல்பு அணைந்து பொக்கையாகத் தெரியும். ஒன்றிரண்டு வினாடி திறந்து வைத்தால் எல்லாப் பல்பும் ஒரு சுற்று எரிந்துவிடும். தேர்பவனிக்கு இதற்கு நேர்மாறாக 35 மி.மீ. எஃப் 1.8, 1/125, ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை. தேரின் மேல் விளக்கு மிகப் பளிச்சென்று இருக்கும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்துச் சுரூபத்தின் முகத்தைக் காப்பாற்றுங்கள். கூட்டத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு

யாஷிகா மேட் போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் 120 ஃபிலிமுக்கு 12 படம். வயிற்று உயரத்தில் வைத்து மேலிருந்து குனிந்து பார்ப்பதால், கேமரா தானாகவே மட்டமாக நிற்கும். கட்டடத்துக்கு இது நல்ல பழக்கம். அதன் 80 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேமில் கிட்டத்தட்ட 45 போல, ஆகவே முழுக் கோபுரத்துக்குத் தோதுப்படாது. வாசல், தூண், தெருமுனை என்று போங்கள்.

வெயிலில் ஒளிமானி இல்லாமலே எடுக்கலாம். ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு 1/250, எஃப் 16. கலர் நெகடிவாக இருந்தால் எஃப் 11 வைத்து ஒரு ஸ்டாப் கூட்டியே கொடுங்கள், குறைவாகக் கொடுத்தால் நிழல் சேறாகிவிடும். கோயிலுக்குள் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 2.8, 1/15 வரும். ஒரு வினாடியைத் தாண்டினால் ஃபிலிம் மந்தமாகும், பெட்டியில் தரும் அட்டவணைப்படி நேரத்தைக் கூட்ட வேண்டும். விமானத்தில் போனால் ஃபிலிமைக் கைப்பையில் வைத்துக் கையால் சோதிக்கக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிமில் புகை படிந்ததுபோல் ஆக்கிவிடும்.

உப்பு, ஈரம், மணல்

ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். துடைத்தாலும் திரும்பத் திரும்ப வரும், அதற்குள் பொன்னொளி முடிந்திருக்கும். முந்தின இரவே கேமராவை ஜிப் பைக்குள் போட்டு மூடிவையுங்கள். வெளியே வந்து அரை மணி கழித்துத் திறங்கள். அதுவரை ஈரம் பையின் மேல்தான் படியும்.

கடற்காற்று லென்ஸின் முன் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் போடும். ஒரு மணி நேரத்தில் படத்தின் பளிச்சு குறையத் தொடங்கும். ஒரு யூவி ஃபில்டர் மாட்டிவிட்டால் துடைக்க வேண்டியது அது மட்டும்தான். முதலில் ஊதும் பல்பால் மணலை ஊதுங்கள், அப்புறம் சுத்தமான தண்ணீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, கடைசியில் காய்ந்த துணி. மணல் இருக்கும்போதே தேய்த்தால் கீறல் விழும். அறைக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பூட்டுகள் இறுகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் லென்ஸ்களைத் துணிப் பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். நம் கடற்கரை ஈரத்துக்குப் பூஞ்சை வர ஒரு மழைக்காலம் போதும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் அடி கனமான பாத்திரத்தில் சிறு தீயில் வறுத்து, ஆறியபின் திரும்பப் போடலாம்.

கார்டில் இருப்பதை அன்றன்று இரவே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். திருத்தும்போது முதலில் கோடுகளை நிமிர்த்துங்கள், அப்புறம்தான் வெட்டுவதும் நிறமும். முதலிலேயே இறுக்கி வெட்டிவிட்டு நிமிர்த்தினால் சிலுவை போய்விடும்.